நான்கு சுதந்திரங்கள்: ரூஸ்வெல்ட் கேட்ட அமைதி

1941ஆம் ஆண்டு பிறந்த வேளை. வெள்ளை மாளிகையில் தன் படிப்பறையில் அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் உரை எழுதித் தரும் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தார். சில நாட்களில் நாடாளுமன்றத்தில் ஆண்டு உரை நிகழ்த்த வேண்டும். உரையின் முடிவுப் பகுதி இன்னும் கைகூடவில்லை. தனக்கு ஒரு யோசனை இருப்பதாகச் சொன்ன அதிபர், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கூரையைப் பார்த்தபடி பேசாமல் இருந்துவிட்டார். உடனிருந்தவர்களுக்குச் சங்கடமாகும் அளவுக்கு அந்த மௌனம் நீண்டது என்று அங்கிருந்த சாமுவேல் ரோசன்மன் பின்னாளில் எழுதியிருக்கிறார். பிறகு முன்னால் சாய்ந்து, எழுதிக்கொள்ளச் சொல்லி, நிறுத்தி நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். அப்படிப் பிறந்ததுதான் 'நான்கு சுதந்திரங்கள்'.

ஒவ்வொரு சுதந்திரத்தின் முடிவிலும் 'உலகில் எங்கும்' என்று சேர்த்துக்கொண்டார். அவருடைய நெருங்கிய ஆலோசகரான ஹாரி ஹாப்கின்ஸுக்கு அது உறுத்தியது. உலகில் எங்கும் என்றால் மிகப் பெரிய பரப்பாயிற்றே, ஜாவாவில் இருக்கும் மக்களைப் பற்றி அமெரிக்கர்களுக்கு என்ன அக்கறை இருக்கப் போகிறது என்று கேட்டார். ஒரு நாள் அக்கறை வந்தே தீரும், உலகம் சுருங்கிக்கொண்டே வருகிறது, ஜாவாக்காரர்களும் நமக்கு அண்டைவீட்டாராகிக்கொண்டிருக்கிறார்கள் என்பது ரூஸ்வெல்ட்டின் பதில். நம் பழைய நூல்கள் சாவகம் என்று சொல்லும் அதே தீவுதான். பதினான்கே மாதங்களில், 1942 மார்ச்சில், அது ஜப்பானியப் படைகளிடம் வீழ்ந்தது. அமெரிக்கப் போர்க்கப்பல்களும் அந்தக் கடலில் மூழ்கின.

1941 ஜனவரி 6 அன்று அவர் ஆற்றிய அந்த உரையைப் புரிந்துகொண்டால், இன்றைய ஐக்கிய நாடுகள் சபை எந்த எண்ணத்திலிருந்து முளைத்தது என்பதும் புரியும். முதல்முறை கேள்விப்படுகிறவர்களுக்காக அடியிலிருந்தே சொல்கிறேன்.

நான்கும் எவை?

பேச்சுச் சுதந்திரம். அவரவர் முறைப்படி கடவுளை வணங்கும் சுதந்திரம். வறுமையிலிருந்து விடுதலை. அச்சத்திலிருந்து விடுதலை.

ஆங்கிலத்தில் நான்குக்கும் ஒரே சொல்தான். தமிழில் சொல்லும்போது மட்டும் அவை தாமாகவே இரண்டிரண்டாகப் பிரிந்து, சுதந்திரம் என்றும் விடுதலை என்றும் வந்து விழுகின்றன. இந்தப் பிரிவு தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. முதல் இரண்டும் அரசு நம்மைத் தடுக்காமல் இருந்தால் கிடைத்துவிடும். பேசுகிறவன் வாயைப் பொத்தாதே, கும்பிடுகிறவன் வழியை மறிக்காதே என்பதோடு முடிந்தது. அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1791 முதலே இவை இருக்கின்றன. அடுத்த இரண்டும் அப்படிக் கிடைக்காது. பசித்தவனை யாரும் தடுக்காமல் விட்டுவிட்டாலும் அவன் பசித்தவனாகவே இருப்பான். யாரோ உலை வைக்க வேண்டும், யாரோ சாலை போட வேண்டும், யாரோ காவல் நிற்க வேண்டும். பொதுப்பணி என்று நாம் சொல்வது இங்கேதான் நுழைகிறது.

ரூஸ்வெல்ட் இவற்றைக் கனவாகச் சொல்லவில்லை. ஏதோ ஒரு தொலைதூரப் பொற்காலத்தின் காட்சி அன்று இது, நம் காலத்திலேயே, நம் தலைமுறையிலேயே எட்டக்கூடிய உலகம் என்று அதே உரையில் அழுத்திச் சொன்னார். ஐரோப்பாவின் பல நாடுகள் ஹிட்லரின் காலடியில் கிடந்த நேரம் அது. லண்டன் மீது இரவெல்லாம் குண்டு விழுந்துகொண்டிருந்தது.

வறுமையும் ஒரு மின்கட்டண ரசீதும்

நான்கிலும் மூன்றாவதுதான் சாவி என்பது என் எண்ணம். எனவே அதில் சற்று அதிக நேரம் நிற்போம்.

1921இல் ரூஸ்வெல்ட்டுக்கு வயது 39. அதுவரை வசதியான குடும்பத்துப் பிள்ளை, வளர்ந்துவரும் அரசியல்வாதி. அந்தக் கோடையில் போலியோ தாக்கி இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனது. மீதி வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலியிலும், கால்களில் மாட்டிய இரும்புச் சட்டங்களின் துணையிலும்தான் கழிந்தது. வெந்நீர் ஊற்றில் நீந்தினால் கால் தேறும் என்று கேள்விப்பட்டு 1924இல் ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூருக்குப் போனார். கால் தேறவில்லை. ஆனால் வாழ்நாளில் பார்த்திராத ஒன்றை அங்கே பார்த்தார். கிராமத்து ஏழ்மையை.

அங்கே அவர் தங்கிய சிறிய வீட்டுக்கு முதல் மாத மின்கட்டண ரசீது வந்தது. ஒரு யூனிட்டுக்கு 18 சென்ட். நியூயார்க் மாநிலத்தில் ஹைட் பார்க்கில் இருந்த தன் சொந்த வீட்டுக்கு அவர் கட்டிவந்ததைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. பணக்காரரின் வீட்டில் மலிவாக எரியும் விளக்கு, ஏழை ஊரில் நான்கு மடங்கு விலைக்கு எரிந்தது. பக்கத்துப் பண்ணைகளிலோ விளக்கே இல்லை. 1930களின் நடுவில்கூட அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் போயிருந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து, 1938இல், அதே ஜார்ஜியாவில் ஒரு கிராம மின் கூட்டுறவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது இந்த ரசீதுக் கதையைச் சொல்லி, நாடு முழுவதும் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் திட்டம் அந்தச் சிறிய வீட்டில்தான் பிறந்தது என்றார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். கட்டணத்தைக் கட்டிவிட்டு மறந்துபோகும் வசதி அவருக்கு இருந்தது. அவர் மறக்கவில்லை.

1933 மார்ச்சில் அவர் அதிபரானபோது அமெரிக்கத் தொழிலாளர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. வங்கிகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. பதவியேற்ற எட்டாம் நாள் வானொலியில் பேசி, வங்கியில் போடும் பணம் எங்கே போகிறது, எல்லாரும் ஒரே நேரத்தில் திருப்பிக் கேட்டால் ஏன் கிடைக்காது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்வதுபோல் விளக்கினார். எடுத்த பணத்தை மக்கள் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள்.

அதே ஆண்டில், வேலையற்ற இளைஞர்களுக்காக மக்கள் வனப் பணிப்படை ஒன்றைத் தொடங்கினார். மரம் நடுவது, காட்டுத்தீ அணைப்பது, மண் அரிப்பைத் தடுப்பது, பாதையும் பாலமும் கட்டுவது என்று வேலை. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலரை அரசே பையனின் வீட்டுக்கு அனுப்பிவிடும். எங்கோ மலைக்காட்டில் ஒருவன் மண் வெட்ட, ஊரில் அவன் தாய் கடைக்குப் போய் மாவு வாங்குவாள். ஒன்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 30 லட்சம் இளைஞர்கள் இந்தப் படையில் வேலை செய்தார்கள். 300 கோடி மரங்கள் நட்டார்கள். இந்தப் பையன்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருவார்கள்.

1935இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர் ஓய்வூதியத்தையும் வேலையிழந்தோர் உதவியையும் உரிமையாக்கியது. முதல் மாதாந்தர ஓய்வூதியக் காசோலை 1940 ஜனவரி 31 தேதியிட்டு, வெர்மாண்ட் மாநிலத்தில் ஓய்வு பெற்ற ஒரு பெண்மணிக்குப் போனது. தொகை 22 டாலர் 54 சென்ட். அவர் நூறு வயது வரை வாழ்ந்து, மாதம் தவறாமல் அதைப் பெற்றுக்கொண்டார்.

சரி, இதற்கும் உலக அமைதிக்கும் என்ன தொடர்பு? பசி வந்திடப் பத்தும் பறந்துபோகும் என்று நாம் சொல்லும் பத்தில் மக்களாட்சியும் ஒன்று என்பதை ரூஸ்வெல்ட் கண்ணால் கண்டிருந்தார். அவர் அதிபரான அதே 1933இல்தான் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அங்கே 60 லட்சம் பேர் வேலையின்றி இருந்தார்கள். நம்பிக்கை இழந்த மனிதர்கள், சோறும் கௌரவமும் தருவதாகச் சொல்பவன் எவனாக இருந்தாலும் அவன் பின்னால் போவார்கள். இதை 1944 ஜனவரி உரையில் வெளிப்படையாகவே சொன்னார்: தேவைகளால் நெருக்குண்ட மனிதர் சுதந்திர மனிதர் அல்லர், பசியும் வேலையின்மையும்தான் சர்வாதிகாரத்துக்கு மூலப்பொருள். வேலை, வீடு, மருத்துவம், கல்வி ஆகியவற்றையும் குடிமக்களின் உரிமைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அதே உரையில் கேட்டார். போர் உச்சத்தில் இருந்த நேரத்தில் கேட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அச்சம்

நான்காவது சுதந்திரத்துக்கு அவர் தந்த பொருள் மிகத் துல்லியமானது. எந்த நாடும் அண்டை நாட்டின் மீது பாய முடியாத அளவுக்கு உலகம் முழுவதும் ஆயுதங்களைக் குறைப்பது. வீட்டுக்குள் வயிறு நிறைய வேண்டும், வாசலில் ஆயுதம் தாழ வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அவர் கணக்கில் அமைதி.

அண்டைவீடு என்ற உவமையை அவர் விரும்பிப் பயன்படுத்தினார். 1940 டிசம்பரில், ஹிட்லரைத் தனியாக எதிர்த்து நின்ற பிரிட்டனுக்கு ஆயுதம் கொடுக்க வேண்டியிருந்தது. பிரிட்டனிடம் பணம் தீர்ந்துகொண்டிருந்தது. பத்திரிகையாளர்களிடம் அவர் சொன்னது இது: பக்கத்து வீடு தீப்பிடித்து எரிகிறது, என்னிடம் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் இருக்கிறது. இதன் விலை 15 டாலர், முதலில் அதை எடுத்து வை என்றா கேட்பேன்? குழாயைக் கொடுப்பேன், தீ அணைந்தபின் திருப்பி வாங்கிக்கொள்வேன். போர் நமக்கு வேண்டாம் என்றிருந்த ஒரு நாட்டை இந்த ஓர் உவமை அசைத்தது. மூன்றே மாதங்களில் கடன் குத்தகைச் சட்டம் நிறைவேறியது. பிரிட்டன், சோவியத் யூனியன், சீனா என்று போய்ச்சேர்ந்த உதவியின் மதிப்பு போர் முடிவதற்குள் ஏறக்குறைய 5,000 கோடி டாலர்.

எங்கும் என்றால் இந்தியாவும்தானே?

1941 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரையோரம் போர்க்கப்பல்களில் ரூஸ்வெல்ட்டும் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலும் சந்தித்து, எட்டு அம்சங்கள் கொண்ட அட்லாண்டிக் சாசனத்தை வெளியிட்டார்கள். எல்லா நாட்டு மனிதரும் அச்சமும் வறுமையும் இன்றி வாழ வேண்டும் என்று ஆறாம் அம்சம் சொன்னது. தாங்கள் எந்த ஆட்சியின் கீழ் வாழ்வது என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எல்லா மக்களுக்கும் உண்டு என்று மூன்றாம் அம்சம் சொன்னது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்த அம்சம் நாஜிகளிடம் அடிமைப்பட்ட ஐரோப்பிய நாடுகளை மனத்தில் வைத்து எழுதியது, இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் பொருந்தாது என்று சர்ச்சில் தன் நாடாளுமன்றத்தில் அறிவித்துவிட்டார். சாசனம் உலகம் முழுமைக்கும் உரியது என்று ரூஸ்வெல்ட் 1942 பிப்ரவரியில் வானொலியில் சொன்னார். பிரிட்டனை அதற்கு மேல் அவர் வெளிப்படையாக நெருக்கவில்லை. போரில் அந்தக் கூட்டணி அவருக்கு வேண்டியிருந்தது.

1942 ஜூலை 1 அன்று காந்தி அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். மரியாதையான, நட்பான கடிதம். அதன் நடுவே ஒரு வாக்கியம் நேராக நெஞ்சில் வந்து நிற்கிறது: இந்தியாவும் ஆப்பிரிக்காவும் பிரிட்டனால் சுரண்டப்படும் வரையில், அமெரிக்கா தன் வீட்டிலேயே கறுப்பர் பிரச்சினையை வைத்திருக்கும் வரையில், சுதந்திரத்துக்காகப் போரிடுகிறோம் என்று நேச நாடுகள் சொல்வது வெறுமையாக ஒலிக்கிறது. அடுத்த மாதமே காந்தி சிறைக்குள் இருந்தார்.

காந்தியின் கேள்வியை ஒதுக்கிவிட்டு ரூஸ்வெல்ட்டைப் புகழ்வது நேர்மையாகாது. சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வந்தபோது பண்ணைக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் விட்டுவிட்டது. தெற்கு மாநிலங்களில் அந்த வேலைகளைச் செய்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். அவருடைய ராணுவம் நிற அடிப்படையில் பிரிந்தே போரிட்டது. 1942 பிப்ரவரி 19 அன்று அவர் இட்ட ஓர் ஆணையின்படி, ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேர் வீடு வாசலை விட்டு முள்வேலி முகாம்களுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அச்சத்திலிருந்து விடுதலை என்று எழுதிய அதே கை, அச்சத்துக்கு அடிபணிந்து போட்ட கையெழுத்து அது. 1988இல் அமெரிக்க அரசு அதற்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு வழங்கியது.

இன்னொன்று இந்தியர்களாகிய நம்மை நேரடியாகத் தொடுவது. 1943 வங்கப் பஞ்சத்தில் 30 லட்சம் பேர் வரை மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். பட்டினி ஓயாத 1944 ஏப்ரலில், ஆஸ்திரேலியாவிலிருந்து கோதுமை கொண்டுவரக் கப்பல் தந்து உதவுமாறு சர்ச்சில் ரூஸ்வெல்ட்டைக் கேட்டார். போர்த் தேவைகளால் முடியாது என்று ஜூன் மாதம் பதில் வந்தது. அடுத்த சில நாட்களில்தான் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கின. கப்பல்களுக்கு அப்போது இருந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனாலும் 'உலகில் எங்கும்' என்ற அந்தச் சொற்கள் வங்கத்தின் கரையை எட்டவில்லை என்பதை எப்படி மறைப்பது?

சபை எழுந்த விதம்

முதல் உலகப் போர் முடிந்ததும் அதிபர் வுட்ரோ வில்சன் பன்னாட்டுச் சங்கத்தை உருவாக்கினார். அவருடைய சொந்த நாட்டு செனட் சபையே அதை ஏற்கவில்லை. அமெரிக்கா சேராத அந்தச் சங்கம் அடுத்த போரைத் தடுக்க வலுவில்லாமல் நின்றது. அப்போது கடற்படைத் துறையில் துணைச் செயலாளராக இருந்த இளம் ரூஸ்வெல்ட், 1920இல் துணை அதிபர் வேட்பாளராக ஊர் ஊராகப் போய்ச் சங்கத்துக்காகப் பேசித் தோற்றவர். அந்தத் தோல்வி அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

எனவே போர் முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. 1942 புத்தாண்டு நாளில் 26 நாடுகள் சேர்ந்து வெளியிட்ட பிரகடனத்துக்கு 'ஐக்கிய நாடுகள்' என்ற பெயரைக் கொடுத்தவர் அவரே. அவர் கூட்டிய முதல் பெரிய ஐக்கிய நாடுகள் மாநாடு எதைப் பற்றியது தெரியுமா? உணவு. 1943 மே மாதம் வர்ஜீனியா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸில் 44 நாடுகள் கூடி உணவையும் வேளாண்மையையும் பற்றிப் பேசின. இன்றைய உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. அடுத்த ஆண்டு பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் உலக வங்கிக்கும் சர்வதேச நிதியத்துக்கும் அடித்தளம் விழுந்தது. படையும் பாதுகாப்பும் அதற்குப் பிறகுதான் மேசைக்கு வந்தன. வில்சன் செய்த தவறைத் தவிர்க்க, புதிய சபையின் சாசனத்தை எழுதும் குழுவில் எதிர்க்கட்சி செனட்டர் ஆர்தர் வான்டன்பர்க்கையும் சேர்த்துக்கொண்டார்.

அவர் கற்ற இன்னொரு பாடம் இன்றுவரை சர்ச்சைக்குரியது. பெரிய வல்லரசுகள் உள்ளே இல்லாவிட்டால் சபை நிற்காது, அவற்றை உள்ளே இருத்த வேண்டுமானால் தனி அதிகாரம் கொடுத்தாக வேண்டும் என்று நம்பினார். பாதுகாப்பு அவையில் ஐந்து நாடுகளின் வீட்டோ அதிகாரம், அதாவது ஒரு நாடு மறுத்தாலே தீர்மானம் விழுந்துவிடும் அதிகாரம், அப்படி வந்ததுதான். சபை பிழைத்தது. பல போர்களின்போது வாயடைத்தும் நின்றது.

சாசனம் எழுதும் மாநாடு 1945 ஏப்ரல் 25 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்க இருந்தது. 12ஆம் தேதி, அதே வார்ம் ஸ்பிரிங்ஸ் ஊரில், மூளையில் ரத்தக் குழாய் வெடித்து ரூஸ்வெல்ட் இறந்துபோனார். வயது 63. மறுநாள் வானொலியில் பேசுவதற்கான உரை தயாராக இருந்தது. போரின் முடிவு மட்டும் நமக்குப் போதாது, எல்லாப் போர்களின் தொடக்கங்களுக்கும் முடிவு வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார். அவர் இறந்த அன்று மாலையே அதிபராகப் பதவியேற்ற ட்ரூமனிடம் மாநாடு நடக்குமா என்று கேட்டார்கள். குறித்த நாளில் நடக்கும் என்பதே அவர் எடுத்த முதல் முடிவு.

அங்கே இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கிப் போனவர் சென்னையின் நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஆற்காடு இராமசாமி முதலியார். அடிமை நாட்டின் பிரதிநிதியாக, பிரிட்டிஷ் அரசு அனுப்பிவைத்தவராகப் போனாலும், பொருளாதார சமூக ஒத்துழைப்பு பற்றிய குழுவின் தலைவர் பொறுப்பு அவருக்கு வந்தது. 1946 ஜனவரியில் லண்டனில் கூடிய ஐ.நா. பொருளாதார சமூக அவையின் முதல் தலைவரும் அவரே. அந்த முதல் கூட்டத் தொடரிலேயே உலக அளவில் ஒரு சுகாதார மாநாடு கூட்டத் தீர்மானித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சாசனம் அந்த மாநாட்டில்தான் 1946 ஜூலையில் கையெழுத்தானது. ரூஸ்வெல்ட்டின் மூன்றாவது சுதந்திரத்துக்கு நிர்வாக உருவம் கொடுத்த அவையின் முதல் நாற்காலியில் ஒரு தமிழர் அமர்ந்திருந்தார் என்பது நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய செய்தி.

கணவர் விட்ட இடத்தில் எலினார் ரூஸ்வெல்ட் தொடர்ந்தார். அவர் தலைமையிலான ஆணையம் எழுதிய மனித உரிமைப் பிரகடனத்தை 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. ஏற்றுக்கொண்டது. அதன் முன்னுரையில் நான்கு சுதந்திரங்களும் பெயர் சொல்லி நிற்கின்றன. அதன் முதல் பிரிவின் வரைவில் ஆண்களை மட்டும் குறிப்பதாகக் கொள்ளக்கூடிய ஆங்கிலச் சொல் இருந்ததைச் சுட்டிக்காட்டி, மனிதப் பிறவிகள் அனைவரும் என்று மாற்றவைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா.

மீண்டும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு. மாநாடு நடந்துகொண்டிருந்த 1945 மே 19 அன்று, ஏறக்குறைய 500 பிரதிநிதிகள் வண்டியேறி நகரத்துக்கு வடக்கே இருக்கும் மியூர் வுட்ஸ் காட்டுக்குப் போனார்கள். அண்ணாந்து பார்த்தால் உச்சி தெரியாத பழமையான செம்மரங்களுக்கு நடுவே நின்று ரூஸ்வெல்ட்டுக்கு அஞ்சலி செலுத்தினார்கள். அந்தக் காட்டில்தான் 1930களில் வனப் பணிப்படைப் பையன்கள் முகாமிட்டிருந்தார்கள். 30 டாலர் சம்பளத்தில் 25ஐ வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஓடையின் மேல் பாலம் கட்டி, நடைபாதையைச் செப்பனிட்டார்கள். போரை நிறுத்தும் சாசனத்தை எழுத வந்தவர்கள் அன்று அந்தக் காட்டுக்குள் நடந்து போனார்கள்.